ஒரே வயதுள்ள இரண்டு ஏரிகள்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் மலைகளுக்குப் போகிறவர்கள் பார்க்க விரும்பும் பெரிய நீர்ப்பரப்புகளை வரிசையாகச் சொன்னால் பரம்பிக்குளம், மலம்புழை, மாட்டுப்பெட்டி, குண்டளை, ஆனையிறங்கல், இடுக்கி, தேக்கடி என்று வரும். எல்லாவற்றையும் ஏரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இவற்றில் ஒன்றுகூட மலை தானாகப் பெற்றெடுத்தது இல்லை. மலம்புழை 1955இல் வந்தது, குண்டளை 1946இல், மாட்டுப்பெட்டி 1953இல். இடுக்கியின் வளைவு அணை திறக்கப்பட்டது 1976இல். காரணத்தை மலையின் பாறையே சொல்லும். இந்தப் பகுதியின் சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியாழத்தில் வெந்து இறுகியவை. தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு கர்நாடகத்தின் வடபகுதியோடு நின்றுவிட்டது, இங்கே வந்து சேரவில்லை. எரிமலை வாயும் இல்லை, லாவா அடைத்த பள்ளத்தாக்கும் இல்லை. பெய்த மழை முழுவதும் செங்குத்தான பள்ளங்களில் இறங்கி, தங்காமல் கடலுக்கு ஓடிய மலைத்தொடர் இது. இங்கே ஓர் ஏரி வேண்டுமென்றால் யாராவது ஆற்றின் குறுக்கே நின்றாக வேண்டும்.

எரிமலை செய்த வண்ண ஏரிகளைச் சுலபமான ஒரு நடையில் பார்க்க வேண்டுமானால் ஜப்பானுக்குப் போகலாம். ஃபுகுஷிமா மாகாணத்தில், பண்டாய் மலையின் வடக்குச் சரிவில், கோஷிக்கினுமா என்ற குளக்கூட்டம் இருக்கிறது; ஐந்து நிறக் குளங்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். ஏறத்தாழ 4 கிலோமீட்டர் காட்டுப் பாதை, ஏற்ற இறக்கம் குறைவு, ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். ஒரு குளம் பாலில் நீலத்தைக் கரைத்தது போல இருக்கும். அடுத்தது மரகதப் பச்சை. இன்னொன்றில் நாணல் வேரெல்லாம் செந்துருப் பூசிக் கிடக்கும். நீரில் யாரும் சாயம் கலக்கவில்லை. மலையின் வயிற்றிலிருந்து வரும் அமில நீர் கரைத்துக்கொண்டு வந்த அலுமினியமும் சிலிக்காவும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதந்து வெயிலைச் சிதறடிக்கின்றன, அதனால் நீலம். நீரிலுள்ள இரும்பு ஆக்சைடாகப் படியும் இடத்தில் சிவப்பு. இந்தக் குளங்களுக்குப் பிறந்த நாள் உண்டு. 1888 ஜூலை 15 காலை, எட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன், நிலத்தடி நீர் ஆவியாகி வெடித்ததில் பண்டாயின் சிகரங்களில் ஒன்றான சிறிய பண்டாய் வடக்குப் பக்கமாகச் சரிந்து விழுந்தது. புதுக் குழம்பு எதுவும் வெளியே வரவில்லை. மலையே கல்லும் சேறுமாக ஓடி ஆற்றை அடைத்தது. ஹிபாரா, ஒனோகாவா, அகிமோட்டோ என்று மூன்று பெரிய ஏரிகள் தேங்கின. சரிந்த மண்ணின் மேடு பள்ளங்களுக்கிடையே இந்த வண்ணக் குளங்கள் நிறைந்தன.

அந்தக் காலை வேளையில் இந்தியாவின் தென்கோடி மலைகளில் பெரியாற்றின் குறுக்கே அணை கட்டும் வேலை தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூரும் 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. நீர் நிற்கப்போகும் 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. 1887இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். அதாவது அந்த அணை தேக்கிய தேக்கடி ஏரியும் கோஷிக்கினுமாவும் ஒரே பத்தாண்டில் பிறந்தவை. ஒன்றை எரிமலைச் சரிவு அடைத்தது, மற்றதைச் சுண்ணாம்பும் கல்லும் அடைத்தன. இந்த ஒப்புமையை ஒரு வேடிக்கைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் ஏரியை இயற்கையானது, செயற்கையானது என்று பெட்டி பிரித்துவிட்டால் அதைப் பற்றித் தெரிந்துகொண்டுவிட்டதாக நினைக்கிறோம். அந்தப் பிரிவினை நம்மை ஏமாற்றுகிறது என்பதே என் வாதம். எந்த ஆண்டில், எதைத் தடுத்து, யாரை மூழ்கடித்து இந்த நீர் நிற்கிறது என்ற கேள்வி இரண்டு ஏரிகளுக்கும் பொருந்தும். அதை ஜப்பானில் கேட்கிறார்கள். தேக்கடியில் நாம் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் வெள்ளைக்காரர்களுடையது மட்டும் என்று சொல்வதற்கில்லை. ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்து இருளப்ப பிள்ளை 1789 வாக்கில் அதை ஆராய ஆளனுப்பினார் என்று பதிவு இருக்கிறது. 1808இல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து ஆகாத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1850இல் சிறிதாகத் தொடங்கிய வேலையைக் காய்ச்சல் துரத்தியது. 1876–78 தாதுவருடப் பஞ்சம் மதுரைச் சீமையைச் சூறையாடிய பிறகுதான் ஆகாத காரியம் ஆகவேண்டிய காரியமாக மாறியது. 1882இல் பொறியாளர்கள் பென்னிகுயிக்கும் ஸ்மித்தும் புதிய திட்டத்தை எழுதினார்கள். பொருளெல்லாம் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறின. கணவாயில் கம்பிவடம் கட்டி மேலேற்றி, அங்கிருந்து நீர்வழியாகப் படகில் அணை வாய்க்குக் கொண்டுபோனார்கள். சுட்ட செங்கல்லை இடித்துத் தூளாக்கிய சுர்க்கி, சுண்ணாம்பு, மணல் மூன்றும் சேர்த்து அரைத்த காரையில் கருங்கல்லைப் பதித்து 176 அடி உயரச் சுவர் எழும்பியது. அதன் அடித்தளம் போட ஆற்றை ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்குவதற்குக் கட்டிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு போனது. மெட்ராஸ் பயனியர்ஸ் படைப்பிரிவின் சிப்பாய்கள், கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள், சமவெளியின் கூலியாட்கள் என்று பலரும் அந்தக் கரையை மறுபடி மறுபடி கட்டினார்கள். நீர் ஏறிய பிறகு 5,700 அடி நீளச் சுரங்கம் வழியாக மலையைத் துளைத்து வெளியே வந்து வைரவனாற்றில் விழுந்தது. இன்றும் லோயர் கேம்ப் பக்கத்தில் ஒரு பாலத்துக்கு இரைச்சல் பாலம் என்று பெயர். அந்த நீர் போடும் சத்தத்தில் அருகில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

இனி இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு வருகிறேன். பண்டாய் மலை சரிந்ததில் இறந்தவர்கள் 477 பேர் என்பது இன்று ஜப்பானில் சொல்லப்படும் கணக்கு. பெரியாற்று அணை வேலையில் நோயால் இறந்து, அணைக்கு வடக்கே கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்று பதிவாகியிருக்கிறது. ஒரு மலை ஒரே காலையில் கொன்றதும், காடும் காய்ச்சலும் எட்டு ஆண்டுகளில் கொன்றதும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். எரிமலைக்கு மனம் கிடையாது. அணை கட்டியவர்களுக்கு மனமும் திட்டமும் சம்பளப் பதிவேடும் இருந்தன. விபத்தையும் முடிவையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்பது வலுவான மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் முடிவு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். யாரும் காரணமாகாத சாவை நினைவில் வைத்திருப்பது ஒரு சமூகத்தின் கடமை என்றால், நம் வயல் விளைவதற்காக நடந்த சாவை நினைவில் வைப்பது அதைவிடப் பெரிய கடமை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்த நீரில் விளைகிறது. தேனிப் பக்கத்து விவசாயிகள் ஜனவரி 15இல் பென்னிகுயிக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அந்த நன்றி உண்மையானது. ஆனால் ஒரு பொறியாளரின் பெயரோடு நின்றுவிடும் நன்றி, சுர்க்கி இடித்தவரிடமும் தலைச்சுமை தூக்கியவரிடமும் போய்ச் சேரவில்லை.

இரண்டு ஏரிகளும் ‘இயற்கை’யாக ஆக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். 1888க்குப் பிறகு பண்டாயின் வடசரிவு வெறும் கல்லும் சாம்பல் மண்ணும்தான். இன்று நடைபாதையில் நிழல் தரும் செம்பைன் மரங்கள் தானாக முளைத்தவை என்று நினைத்துத்தான் பலரும் நடப்பார்கள். எண்டோ கென்மு என்ற வியாபாரி, மரம் வைத்துப் பிழைக்கவைத்தால் நிலம் கொடுப்போம் என்ற அரசின் ஏற்பாட்டின் பேரில், 1910களில் ஆளைத் திரட்டி நட்ட காட்டின் தொடர்ச்சி அது. அவருடைய கல்லறை குளங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1950இல் அந்த இடம் பண்டாய்–அசாஹி தேசியப் பூங்காவின் பகுதி ஆனது. எரிமலை செய்த ஹிபாரா ஏரியின் நீர்மட்டம்கூட இன்று மின்சாரத்துக்காகக் கட்டுப்படுத்தப்படுகிறது. தேக்கடியின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்கி அதே இடத்துக்கு வருகிறது. நீர்ப்பாசனத்துக்குக் கட்டிய தேக்கம். 1899இல் ஏரியைச் சுற்றிய காடு ஒதுக்கப்பட்டது. 1934இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயம். 1950இல் பெரியாறு வனவிலங்குச் சரணாலயம். 1978இல் புலிகள் காப்பகம். மனிதன் கட்டியதைக் காடு என்றும், எரிமலை கட்டியதை மின்தேக்கம் என்றும் அழைக்க முடிகிற அளவுக்கு இந்தப் பெயர்கள் நெகிழ்வானவை.

இங்கே ஒரு நுட்பம் சொல்லத் தக்கது. கிழக்கே நீர் கொண்டுபோகும் வழி அணையின் அடிமட்டத்தில் இல்லை. நீர்மட்டம் ஏறத்தாழ 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குள் நீர் ஏறாது. ஆகவே எந்தக் கோடையிலும் ஏரி வற்றித் தரை தெரியாது. சுற்றியுள்ள மலையில் ஓடைகள் காய்ந்துபோகும் மாதங்களில் யானைக்கும் காட்டெருமைக்கும் மிளாவுக்கும் குடிக்க நீர் நிற்கிறது; நீர் இறங்கிய கரையில் புல் முளைக்கிறது; மேயவரும் கூட்டத்தைப் படகிலிருந்து நாம் பார்க்கிறோம். மதுரைக்குப் போக வேண்டிய நீருக்காகப் பொறியாளர்கள் வரைந்த ஒரு கோடுதான் இந்த வனக்காட்சியையும் தந்திருக்கிறது. யாரும் யானைக்காக அந்தக் கோட்டைப் போடவில்லை.

அப்படியானால் அணை காட்டுக்கு நல்லதுதானே, பிறகு எதற்கு மூழ்கியதைப் பற்றிப் பேச்சு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நல்லது என்பது யாருக்கு என்று பார்க்க வேண்டும். பெரியாற்றின் தலைப்பகுதியில் மட்டுமே வாழும் மீன் ஒன்று உண்டு. சுந்தரராஜ் 1941இல் அதை விவரித்து லெபிடோபைகாப்சிஸ் டைப்பஸ் என்று பெயரிட்டார். ஓடும் நீரின் மீன் அது. ஓட்டம் நின்று தேங்கிய பரப்பில் திலாப்பியாவும் கெண்டையும் புகுந்தன; பழைய மீன் ஏரிக்கு மேலேயுள்ள ஓடைகளில் ஒதுங்கி நிற்கிறது. யானைக்கு வரமான அதே நீர் இந்த மீனுக்கு வீடிழப்பு. காட்டைப் பழையபடியே நிற்கும் ஆதிக்காடு என்று காட்டிவிட்டால் இந்த இழப்பைக் கணக்கில் எழுதவே இடமிருக்காது. மன்னான், பளியர் மக்களின் கதையும் அப்படித்தான். அவர்கள் சுற்றித் திரிந்த ஆற்றோரப் பள்ளங்கள் நீருக்கடியில் போயின. சரணாலயத்தின் கட்டுப்பாடு இறுகியபோது எஞ்சிய காட்டிலிருந்தும் வெளியே வந்து குமுளிக்குப் பக்கத்தில் மன்னாக்குடி, பளியக்குடி என்று குடியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து வந்ததாக மரபு சொல்லும் மன்னான்களின் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. அந்த ஏரியைப் பற்றி நம் மொழியில் நமக்குச் சொல்லக்கூடியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்பது இதன் பொருள்.

அவர்கள்தான் இன்று நடைப்பயணத்தின் வழிகாட்டிகள். மூங்கில் தெப்பத்தில் ஒரு குடா நீரைக் கடந்து, முழங்கால் வரை அட்டைக் காலுறை இழுத்துக் கட்டிக்கொண்டு, நாலைந்து கிலோமீட்டர் நிதானமாகக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிவருகிறார்கள். 1990களின் பிற்பகுதியில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், முன்பு வயணை மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களே குழு அமைத்துக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். இந்தியாவின் வனத்துறை வரலாற்றில் இவ்வளவு நல்ல முடிவுகள் அதிகம் எடுக்கப்பட்டதில்லை. மரத்தின் பெயரும் பறவையின் குரலும் அவர்களுக்கு அத்துப்படி. நடை சுலபமாக இருப்பது குறையில்லை. குழந்தையும் வயதானவரும் நடக்கக்கூடிய பாதையில்தான் வரலாற்றையும் பலருக்குச் சொல்ல முடியும். சுற்றுலா வருகிறவர் ஓய்வுக்கு வருகிறார், சாவுக் கணக்குக் கேட்க வரவில்லை என்ற மறுப்பை நான் லேசாகத் தள்ளவில்லை. அதற்குப் பண்டாயில் பதில் இருக்கிறது. வெடிப்பின் நூறாவது ஆண்டான 1988இல் அங்கே ஒரு நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். நீலக் குளத்தைப் பார்த்து மகிழ்கிறவரும் அந்த நீலம் எந்தக் காலையில் பிறந்தது என்று அறிந்துகொள்ளலாம். தெரிந்துகொண்டதால் யாரும் அங்கே வருவதை நிறுத்தவில்லை.

இன்னொரு மறுப்பு, இங்கே உள்ளவர்களுக்குத்தான் முழுமையாகப் புரியும். இந்த அணையின் பெயரான முல்லைப் பெரியாறு என்று சொன்னாலே இரண்டு மாநிலங்களுக்கிடையே வழக்கு; 2014இல் உச்ச நீதிமன்றம் நீர்மட்டம் 142 அடி வரை இருக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. அணையின் வரலாற்றை நடைபாதையில் வைத்தால் அது ஒரு தரப்பின் பிரசாரமாகிவிடும், வழிகாட்டிக்கு வீண் வம்பு என்று சொல்லலாம். ஆனால் வம்புக்குப் பயந்து பேசாமல் விட்டதால் இத்தனை ஆண்டுகளில் வம்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மேற்கே இருப்பவருக்கு அணை ஓர் ஆபத்து, கிழக்கே இருப்பவருக்கு அது உரிமை. இரண்டு பக்கத்திலும் அது ஓர் எண்ணாக, நீர்மட்டத்தின் அடிக்கணக்காகச் சுருங்கிவிட்டது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் கிடப்பவர்கள் 136 அடியா 142 அடியா என்ற வழக்கில் யாருக்கும் சாட்சி சொல்ல மாட்டார்கள். மன்னான்களின் மூழ்கிய பள்ளமும், ஓடைக்கு ஏறிப்போன மீனும் எந்த மாநிலத்தின் வாதத்துக்கும் பொருந்தாத உண்மைகள். வழக்கில் சேராத உண்மைகளை முதலில் பேசத் தொடங்குவது இரண்டு மொழிக்காரர்களும் ஒரே தெப்பத்தில் உட்கார உதவும் என்று நம்புகிறேன்.

தேக்கடியில் ஏரி அணைத் தேக்கம் போலத் தோன்றாததற்கு எளிய காரணம் உண்டு. அணை, படகுத்துறையின் கண்ணுக்கு எட்டாத தொலைவில், காட்டுக்குள் இருக்கிறது. சுற்றுலாப் படகு அதுவரை போவதில்லை. சுவர் தெரியாத நீர் இயற்கை நீராகிவிடுகிறது. ஆனால் சாட்சி கண்முன்னேயே நிற்கிறது. நீர் ஏறுவதற்கு முன் வெட்டப்படாமல் விடப்பட்ட மரங்களின் அடிமரங்கள் 1895லிருந்து ஏரிக்குள் நிற்கின்றன. கிளை இல்லை, பட்டை இல்லை. கரிய, வரிவரியாகப் பிளந்த தண்டு மட்டும். நீர் ஏறி இறங்கிய கோடுகள் அதன் உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். உச்சியில் நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்தும். பாம்புத்தாரா கழுத்தை நீட்டிக் காத்திருக்கும். எல்லாரும் படம் எடுப்பது அந்தப் பறவையை. ஹிபாராவிலும் இப்படி ஒன்று உண்டு. மூழ்கிப்போன பழைய ஹிபாரா கிராமத்தின் கோவில் தோரணம், நீர் வடியும் காலத்தில் ஏரியோரத்தில் வெளியே தெரியும். அது எந்த ஊரின் வாசல் என்று அங்கே கேட்டால் பதில் கிடைக்கும். தேக்கடியில் மூங்கில் தெப்பம் அந்த அடிமரங்களுக்குப் பக்கமாகத்தான் போகிறது, கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில். துடுப்புப் போடுகிறவரின் பாட்டன் காலத்துக்கும் முந்தி அது எந்த மரமாக இருந்தது, அதன் நிழலில் போன வழி எங்கே போனது என்று அந்த இடத்திலேயே, தெப்பத்தைக் கொஞ்சம் நிறுத்தி, அவரிடமே கேட்கலாம்.